மொடல் பெக்கோவுக்கு எந்த அட்டாச்மென்ட்? 1:50 அளவில், நம் பக்கத்து வேலைகளுக்கு

ஜூலை 9
சம்மாந்துறை வாசகரின் கேள்வி

"அண்ணன், என்னிடம் ஹுயினா 1:50 உலோக எக்ஸ்கவேட்டர் ஒன்று இருக்கிறது. பக்கெட் மட்டும்தான் அதோடு வந்தது. கூட்டாளி ஒருவர் வேறு கம்பனி மொடலின் பிரேக்கர் (கல் உடைக்கும் சுத்தியல்) ஒன்றைத் தருகிறேன் என்கிறார். இரண்டும் 1:50தானே, கழற்றி அப்படியே பூட்டலாம் என்று சொல்கிறார். உண்மையா? பிரேக்கர் தவிர வேறென்ன போடலாம்?"

ஜூலை 9, இரவு

அப்படியே பூட்ட முடியாது. 1:50 என்பது மெஷினின் மொத்த அளவுக்கான கணக்கு, நிஜத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. பக்கெட்டைப் பூட்டும் ஆணியான பின் எவ்வளவு தடிப்பு, அந்தப் பின் போகும் துளையுள்ள காதுகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் என்பதை ஒவ்வொரு கம்பனியும் தன் அச்சுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்கிறது. நிஜ மெஷின்களிலும் இதே கதைதான். 20 தொன் வகையில் கொமட்சு பிசி200க்கும் கேட்டர்பில்லர் 320க்கும் பக்கெட் பின் 80 மி.மீ., ஆனால் காது அளவுகள் வேறு. 80ஐ 50ஆல் பிரித்தால் 1.6 மி.மீ. வரும். பிள்ளைகளுக்கும் சேர்த்து விற்கும் மொடல்களில் பின் பெரும்பாலும் அதைவிடத் தடிப்பு, கையில் முறியக்கூடாது என்பதற்காக.

மூன்று அளவு எடுங்கள். பின்னின் தடிப்பு, ஆர்ம் (பக்கெட்டைத் தாங்கும் கை) நுனியின் அகலம், பக்கெட்டின் இரண்டு துளைகளுக்கும் இடையே நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம். மூன்றாவதைத்தான் ஆட்கள் அளக்காமல் விட்டுவிடுகிறார்கள். சிலிண்டர் பக்கெட்டை நேரே தள்ளுவதில்லை, இடையில் ஒரு லிங்க் நின்று தள்ளுகிறது. அந்த இரண்டு துளைகளும் நெருங்கினால் பக்கெட் கூடுதலாகச் சுழலும்; நிஜ மெஷினில் அதற்கு விலையாகத் தோண்டும் பலம் குறையும். துளைகள் விலகினால் பக்கெட் முழுதாக மடங்காது. மொடலில் பலம் கணக்கில்லை, சுழற்சி கணக்கு உண்டு. பக்கெட் உள்ளே மடங்காத எக்ஸ்கவேட்டரை நிஜ மெஷின் பழகிய ஒருவர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்.

மலிவான மொடலில் பின் இருக்காது, ரிவிட் அடித்திருப்பார்கள். ரிவிட்டின் ஒரு தலையை அரத்தால் மட்டமாகத் தேய்த்து, மெல்லிய ஆணி வைத்துத் தட்டினால் மறுபக்கம் கழன்று வரும். மின் ட்ரில் வேண்டாம். துளை கோணினால் பிறகு எதை மாட்டினாலும் கோணித்தான் நிற்கும்.

ஜூலை 10

வேணியர் இடுக்கி இல்லாமல் எப்படி அளப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வீட்டு வயரிங் கம்பிகளே அளவுகோல்தான். லைட்டுக்கு இழுக்கும் 1/1.13 வயரின் ஒற்றைச் செம்பு 1.13 மி.மீ. பிளக்குக்கு இழுக்கும் 7/0.67 வயரில் ஒரு இழை 0.67 மி.மீ. சாதாரண சைக்கிள் கம்பி 2 மி.மீ. துளைக்குள் எது போகிறது, எது போகவில்லை என்று பாருங்கள். எலெக்ட்ரிக்கல் வேலை செய்பவர்களிடம் துண்டுக் கம்பி கேட்டால் சும்மாவே தருவார்கள்.

ஜூலை 16

"வேறென்ன போடலாம்" என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய உண்டு.

வெளிநாட்டுக்காரரின் மொடல் படங்களில் வரிசை எப்போதும் ஒன்றுதான். பிரேக்கர், விரல்களால் பிடிக்கும் கிராப், கட்டடம் இடிக்கும் ஷியர், பக்கெட்டைச் சாய்த்துச் சுழற்றும் டில்ட்ரொட்டேட்டர். எல்லாம் நல்ல சாமான்கள். அதைப் பார்த்துவிட்டு நாங்களும் பிரேக்கரில் தொடங்குகிறோம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு மெஷின் வருடம் முழுக்க என்ன செய்கிறது என்று பாருங்கள். பெரும்போகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவு. குளக்கட்டுத் திருத்தம். மாரியில் முகத்துவாரம் வெட்டுதல். கிட்டங்கிப் பக்கம் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) இழுத்துப் போடுதல். தெருவில் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு. குடும்பிமலை, குசலானமலைப் பக்கம் பாறை இருக்கிறது, அம்பாறையின் கல் குவாரிகளில் இருக்கிறது. மற்றபடி கரையில் மணல், வயலில் களி, குளத்தில் சேறு. பிரேக்கர் மாட்டிய மெஷினை வயல் வரம்பில் நிறுத்தி மொடல் செய்தால் அதற்கு அங்கே என்ன வேலை?

அட்டாச்மென்ட் என்பது அந்த மெஷின் எந்த ஊரில், எந்த வேலையில் நிற்கிறது என்பதைச் சொல்லும் சாமான். உடம்பு ஜப்பானில் வடிவமைத்தது, மொடல் சீனாவில் செய்தது. முனையில் என்ன மாட்டுகிறோம் என்பதில்தான் மட்டக்களப்பு வருகிறது. என்னிடம் கேட்டால் முதல் அட்டாச்மென்ட் வாய்க்கால் பக்கெட்டாக இருக்கட்டும்.

அது பல் இல்லாத, அகலமான, ஆழம் குறைந்த பக்கெட். 20 தொன் மெஷினுக்கு 1.5 முதல் 2 மீற்றர் வரை அகலம் இருக்கும். நான் 1.8 மீற்றரை எடுத்தேன், மொடலில் 36 மி.மீ. வந்தது. கீழ் உதடு நேராக இருக்க வேண்டும், ஏனென்றால் வாய்க்காலின் அடியை வழித்து எடுப்பதுதான் அதன் வேலை. பின்பக்கத் தகட்டில் வரிசையாகத் துளைகள், தண்ணீர் வடிந்து சேறு மட்டும் நிற்க.

சாமானுக்கு எங்கும் ஓட வேண்டாம். காலாவதியான வங்கி அட்டை போதும். அந்த அட்டைகளுக்கு உலகம் முழுக்க ஒரே அளவு, தடிப்பு 0.76 மி.மீ. 50ஆல் பெருக்கினால் 38 மி.மீ. தகடு. பக்கெட்டின் கீழ் உதட்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் பொருந்திவிடும். சிப்பையும் கறுப்பு நாடாவையும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துங்கள். வளைக்க வேண்டிய இடத்தைச் சுடுநீரில் பிடித்து, ஒரு பேனையின் மேல் சுற்றி அழுத்தினால் வளைவு நிற்கும்.

ஜூலை 18

கல்முனையிலிருந்து வந்த கேள்வி: எந்தப் பசை?

அட்டையோடு அட்டைக்கு பிவிசி பைப் ஒட்டும் பசை. அது இரண்டு பக்கத்தையும் உருக்கிப் பிடிக்கும். ஊசி நுனியால் தொட்டு வையுங்கள், டின்னிலிருக்கும் தூரிகை இந்த வேலைக்கு மிகப் பெரியது. அட்டையோடு உலோகத்துக்கு இரண்டு டியூப் கலக்கும் எபொக்சி. சுப்பர் குளூ அவசரத்துக்குச் சரி, பின் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆவி படிந்து வெள்ளைப் பூப்பூக்கும். துளைக்குள் வழிந்தால் பின்னும் இறுகிவிடும்.

ஜூலை 27

குவிக் கப்ளர் பற்றி ஏறாவூர்த் தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். பின்னைக் கழற்றாமலே பக்கெட்டை மாற்றும் நிஜ மெஷினின் ஏற்பாட்டை மொடலிலும் வைக்க முடியுமா, காந்தம் வைத்தால் என்ன என்று கேட்கிறார்.

காந்தம் வைக்கலாம். 2 மி.மீ. அகலமுள்ள நியோடிமியம் வில்லை, ஒன்று கப்ளருக்குள், ஒன்று அட்டாச்மென்டின் தலைக்குள். வைக்கும் முன் எந்த முகம் எதை இழுக்கிறது என்று பேனையால் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா அட்டாச்மென்டுக்கும் ஒரே முகம் வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று ஒட்டும், மற்றது தள்ளும்.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. சுவீடனில் எஸ் வகை என்று ஒரு நியமம் இருக்கிறது. எந்தக் கம்பனி மெஷினாக இருந்தாலும் கப்ளரின் அளவு ஒன்று. எஸ்60 என்றால் பின் 60 மி.மீ., பின்களின் நடு தூரம் 480, காதுகளின் உள் அகலம் 340. எஸ்70 என்றால் 70, 600, 450. எங்கள் அளவுக்குக் குறைத்தால் எஸ்60 முறையே 1.2, 9.6, 6.8 மி.மீ. எஸ்70 முறையே 1.4, 12, 9 மி.மீ. வீட்டு வயரின் 1.13 கம்பி எஸ்60க்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்று பாருங்கள்! நிஜத்தில் 20 தொன்னுக்கு எஸ்70தான் பொருத்தம், எஸ்60 அதற்குக் கீழான மெஷினுக்கு. என்றாலும் சாமான் கையில் கிடைப்பதால் நான் 1.13ஐயே எல்லாவற்றுக்கும் நியமமாக்கிக்கொண்டேன். ஒரு கப்ளர், ஒரே பின் அளவு, ஒரே நடு தூரம். இனிச் செய்யும் ஒவ்வொரு அட்டாச்மென்டும் என்னிடமுள்ள ஒவ்வொரு மெஷினிலும் ஏறும்.

உங்களில் நாலைந்து பேர் இதே அளவை எடுத்தால் அட்டாச்மென்டுகளைக் கைமாற்றிக்கொள்ளலாம். ஒருவர் கிராப் செய்வார், ஒருவர் பக்கெட் செய்வார். இதை நான் உண்மையாகவே விரும்புகிறேன். நடு தூரத்தை 9.6 என்று எழுதி வையுங்கள்.

ஜூலை 28

நேற்றுச் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. 3டி பிரிண்டரில் ரெசினால் எடுத்த காதுகள் பின் துளையில்தான் வெடிக்கும். துளைக்குள் ஒரு புஷ், அதாவது சிறு உலோகக் குழாய், இருக்க வேண்டும், நிஜ மெஷினில் இருப்பதுபோல. மாட்டுக்கு மருந்து ஏற்றும் 16 கேஜ் ஊசியின் வெளி அளவு 1.65 மி.மீ., உள் அளவு 1.19. எங்கள் 1.13 கம்பி அதற்குள் ஆடாமல் சுழலும். பாவிக்காத புது ஊசி மட்டும். கூர் நுனியை முதலில் வெட்டி ஒரு போத்தலுக்குள் போட்டு மூடுங்கள், குப்பைக்குள் எறிய வேண்டாம்.

ஓகஸ்ட் 4

ஊசி என்று சொன்னதும் சிலிண்டர் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. நல்லது, சிலிண்டர்தான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

18 கேஜ் ஊசியின் வெளி அளவு 1.27 மி.மீ., உள் அளவு 0.84. 21 கேஜ் ஊசியின் வெளி அளவு 0.82. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும், எந்தப் பசையும் இல்லாமல் வைத்த இடத்தில் நிற்கும். 50ஆல் பெருக்கிப் பாருங்கள். 64 மி.மீ. சிலிண்டருக்குள் 41 மி.மீ. ராட். கிராப்பின் விரலை மூடும் சிலிண்டர், பக்கெட்டுக்கு எதிரே பிடிக்கும் கட்டைவிரல் சிலிண்டர் போன்றவற்றுக்கு அந்த அளவு பொருந்துகிறது. ராட் தேய்த்த இரும்பின் பளபளப்போடு இருப்பதால் பெயின்டும் தேவையில்லை.

ஆர்முக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள பூமைத் தூக்கும் பெரிய சிலிண்டருக்கு இது போதாது, மெலிந்து தெரியும். அதை மொடலோடு வந்தபடியே விடுங்கள்.

ஹோஸ் எத்தனை என்று வாழைச்சேனையிலிருந்து கேட்டவருக்கு: வாய்க்கால் பக்கெட் அசையாத வகை என்றால் ஹோஸே கிடையாது. சாய்க்கும் பக்கெட் என்றால் இரண்டு. பிரேக்கருக்கு இரண்டு, ஒன்று எண்ணெய் போக, ஒன்று திரும்பி வர. சுழலும் கிராப்புக்கு நான்கு, மூடித் திறக்க இரண்டு, சுழற்ற இரண்டு. பிரேக்கரை மாட்டிவிட்டு ஆர்மில் குழாய் எதுவும் இல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். எண்ணெய் போகாமல் அது எப்படி அடிக்கும்? 0.67 செம்பு இழைக்கு மங்கலான கறுப்புப் பூசினால் 34 மி.மீ. ஹோஸ் ஆகிவிடும். ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் தளர்வாக வளைத்து விடுங்கள். ஆர்ம் நீண்டாலும் ஹோஸ் இழுபடக்கூடாது.

ஓகஸ்ட் 13

அம்பாறையிலிருந்து ஒருவர் இங்கினியாகலை அணைக்கட்டு கட்டும் காட்சியை மொடலாகச் செய்யப் போகிறார். பிரேக்கர் பூட்டிய எக்ஸ்கவேட்டர்களை வரிசையாக நிறுத்தும் திட்டம். மிக நல்ல யோசனை. மெஷின்களை மட்டும் மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அணையைக் கட்டிய கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. அணையைக் கட்டியது அமெரிக்காவின் மொரிசன்-நூட்சன் கம்பனி. அந்த நேரம் இன்று நாம் பார்க்கும் ஹைட்ரோலிக் எக்ஸ்கவேட்டர் உலகச் சந்தையில் இல்லை. ஜேசிபி தன் முதல் பெக்கோவைச் செய்தது 1953இல். முழுதாகச் சுழலும் ஹைட்ரோலிக் எக்ஸ்கவேட்டராக ஜேர்மனியின் டெமாக் பி504 வந்தது 1954இல். பிரான்சின் பொக்லேன் டிவை45 வந்தது 1961இல். ஹைட்ரோலிக் பிரேக்கரை ஜேர்மனியின் குருப் சந்தைக்குக் கொண்டுவந்தது 1960களில். ஆக, அந்த அணைக்கட்டில் பிரேக்கர் அடித்திருக்க வழியே இல்லை. அந்தக் காலத்தில் பாறைக்குத் துளை போட்டு வெடி வைத்தார்கள். மண் அள்ள கேபிளில் இயங்கும் ஷவலும், பக்கெட்டைக் கேபிளால் இழுத்து அள்ளும் டிராக்லைனும். டோசரின் பிளேடைத் தூக்குவதும் பெரும்பாலும் வின்ச்சில் சுற்றும் கேபிள்தான்.

அட்டாச்மென்ட் பிரியருக்கு இது நட்டமில்லை. கேபிள் காலத்து மெஷினிலும் முன்பக்கத்தை மாற்றலாம். ஒரே உடம்புக்கு ஷவல், டிராக்லைன், கிரேன், இரண்டாகத் திறந்து மூடும் கிளாம்ஷெல் என்று மாற்றிப் பூட்டினார்கள். கம்பிச் சட்டமான லட்டிஸ் பூமை 0.67 இழையில் சோல்டர் பண்ணிச் செய்யலாம். கேபிளுக்குத் தடித்த தையல் நூலை மெழுகில் இழுத்து எடுங்கள், நாரெல்லாம் படிந்துவிடும். டிராக்லைன் பக்கெட்டுக்கு மேல்பக்கம் மூடியில்லை, முன்பக்கம் ஒரு வளைவு, இரண்டு பக்கமும் சங்கிலி. பழைய வெள்ளிக் கொலுசுச் சங்கிலி இந்த அளவுக்கு மிகப் பொருத்தம், வீட்டாரிடம் கேட்டு எடுங்கள்.

அம்பாறை நகரம் அந்தத் திட்டத்தோடு வளர்ந்தது. அதைச் செய்த மெஷின்களை யாராவது சரியாகச் செய்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. படம் போடுங்கள், உதவி வேண்டுமானால் கேளுங்கள்.

ஓகஸ்ட் 14

நேற்றைய குறிப்பைப் பார்த்துவிட்டு "அப்போ ஜேசிபி வேண்டாமா" என்று கேட்கிறார் ஒருவர். வேண்டும், வேறு காலத்துக்கு. ஆனால் வாங்குமுன் ஸ்கேலைப் பாருங்கள். பெக்கோ லோடர் மொடல்கள் 1:50 மட்டுமல்ல, 1:35, 1:32 என்றும் வருகின்றன. புரூடரின் பிளாஸ்டிக் மெஷின்கள் 1:16. 1:35 பக்கெட்டை 1:50 மெஷினில் மாட்டினால் இருக்க வேண்டியதைவிட நாற்பது வீதத்துக்கு மேல் பெரிதாக நிற்கும். 1:48க்கும் 1:50க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அதைத் தாராளமாகக் கலக்கலாம்.

ஓகஸ்ட் 29

மச்சான் வந்திருந்தார். மனைவியின் தம்பி, அக்கரைப்பற்றுப் பக்கம் எக்ஸ்கவேட்டர் ஒப்பரேட்டர். மேசையில் இருந்த மூன்று மெஷினையும் வெகுநேரம் பார்த்தார். அவர் சொன்னதை எழுதாமல் விட்டால் இந்தப் பக்கம் முழுமையாகாது.

முதலில் பார்த்தது எதை நிலத்தில் வைத்திருக்கிறேன் என்பதை. மெஷினை நிறுத்தினால் அட்டாச்மென்ட் நிலத்தில் இருக்க வேண்டும், தூக்கியபடி விட்டுவிட்டு யாரும் இறங்குவதில்லை என்றார். ஆள் இல்லாத கெபினோடு பக்கெட்டை வானத்தில் தூக்கி வைப்பது மொடல்காரர்களின் பழக்கம். கெபினுக்குள் ஆளை உட்கார வையுங்கள், அல்லது பக்கெட்டை இறக்குங்கள்.

பிறகு பிரேக்கர். உளி கல்லுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்த்து அடித்தால் உளி முறியும், புஷ் தேயும். அழகுக்காகச் சரித்து வைத்த பிரேக்கரைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரிகிறதாம்.

வாய்க்கால் பக்கெட்டை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினார். "இதுதான் பளபளக்க வேண்டும், உள்ளே இல்லை." சேறு வழிக்கும் பக்கெட்டின் உதடும் அடித்தகடும் உராய்ந்து உராய்ந்து வெள்ளி போல மின்னும். உட்பக்கத்தில் சேறு காய்ந்து சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும். பிரேக்கரில் உளி மட்டும் மின்னும், உடம்பெல்லாம் கல் தூசு. எல்லாப் பின்னைச் சுற்றியும் கிறீஸ் கறுப்பாக வழிந்திருக்கும், அதில் மண் ஒட்டியிருக்கும். ஒரே மெஷினுக்கு மூன்று அட்டாச்மென்ட் செய்தால் மூன்றுக்கும் மூன்று விதமான அழுக்கு. நான் அதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பைப் பூசிவந்தேன். இனி அப்படிச் செய்ய மனம் வராது.

ஓகஸ்ட் 30

ஜூலை 16இல் சொன்ன வங்கி அட்டைப் பக்கெட் பற்றி மறு யோசனை. உதட்டுக்கும் பக்கத்துக்கும் அட்டை சரி. வளைந்த ஓட்டுக்குத் தடிப்பு அதிகம், மச்சானின் கண்ணுக்கும் அது பட்டது. பிஸ்கட் டின்னின் தகரம் சுமார் 0.2 மி.மீ., அதாவது 10 மி.மீ. தகடு. ஓட்டுக்கு அதுவே நெருக்கம். அதோடு தகரத்தில் சோல்டர் நன்றாகப் பிடிக்கும், பெயின்டைச் சுரண்டிவிட்டால் போதும். பளபளப்பும் பூச வேண்டாம், அடிப்பக்கத்தை மெல்லிய அரத்தாளால் தேய்த்து விட்டால் மச்சான் சொன்ன மின்னல் தானாக வருகிறது. புதிதாகச் செய்பவர்கள் தகரத்திலேயே தொடங்குங்கள். தகர விளிம்பு கையை அறுக்கும், வெட்டியவுடன் அரம் போடுங்கள்.

செப்டெம்பர் 12

லோங் ரீச்.

20 தொன் மெஷினுக்கு நீண்ட பூமும் ஆர்மும் பூட்டினால் 15 மீற்றருக்கு மேல் எட்டும். எங்கள் அளவில் 30 செ.மீ., ஒரு அடி ஸ்கேலின் நீளம். அவ்வளவு தூரம் எட்டுவதற்கு பக்கெட் சிறிதாக வேண்டும். சாதாரண ஆர்மில் கிட்டத்தட்ட ஒரு கன மீற்றர் அள்ளும் மெஷின், லோங் ரீச்சில் அதில் பாதிதான் அள்ளும். நீண்ட ஆர்மின் நுனியில் பழைய பக்கெட்டையே மாட்டி வைத்த மொடல் படங்கள் நிறைய வருகின்றன. நிஜத்தில் அந்த மெஷின் குளத்துக்குள் குப்புற விழுந்திருக்கும்.

என்னுடையதும் சாயப் பார்த்தது. பின்பக்கக் கவுண்டர் வெயிட்டுக்குள் வெறுமை இருக்கிறது, அதற்குள் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைத் தட்டி நிரப்பி எபொக்சி ஊற்றினேன். கல்லடியில் மீன்பிடிச் சாமான் கடையில் கேட்டால் கிடைக்கும். ஈயம் தொட்ட கையைச் சாப்பிட முன் கழுவுங்கள். பூமுக்கு மேலும் கீழும் தகரம், பக்கத்துக்கு அட்டை. உள்ளே சைக்கிள் கம்பி ஒன்று நெடுக ஓடுகிறது, அது இல்லாவிட்டால் மெல்ல மெல்லத் தொய்யும்.

இதை முகத்துவாரம் வெட்டும் காட்சிக்காகச் செய்தேன். பாலமீன்மடுவிலும் அம்பாறைக் கரையோரத்திலும் மாரியில் களப்பு நிரம்பி வயலுக்குள் தண்ணீர் ஏறும்போது மணல்திட்டை வெட்டிக் கடலுக்கு வழி விடுவார்கள். ஒடுக்கமாக வெட்டிக்கொண்டு போய்க் கடைசித் துண்டை எடுத்ததும் மெஷின் பின்வாங்கிவிடும். மிச்சத்தைத் தண்ணீரே வெட்டி அகலமாக்கும். அந்தக் கடைசித் துண்டை எடுக்கும் கணம்தான் எனக்கு வேண்டும். ஆர்ம் முழுதாக நீண்டு, பக்கெட் பாதி தண்ணீருக்குள்.

மணலில்தான் நிறைய நேரம் போனது. கல்லடிக் கடற்கரை மணலையே போட்டால் என்ன என்று எல்லாரும் கேட்கிறீர்கள். நல்ல மெல்லிய மணலின் ஒரு குருணி 0.2 மி.மீ. என்று வைத்தாலும் 50ஆல் பெருக்கினால் 10 மி.மீ. கல். கடற்கரை மணல் எங்கள் அளவில் கிரவல் ஆகிவிடுகிறது. வீதி போடும் காட்சிக்கு அதை எடுங்கள், மிக நன்றாக இருக்கும். மணலுக்கு, களப்பு ஓரத்து வண்டலைக் காயவைத்து, இடித்து, பழைய நைலோன் சட்டைத் துணியில் அரித்து எடுத்த தூள்தான் சரிவந்தது. நிறம் கறுப்பாக வரும், கொஞ்சம் வெள்ளைச் சிமெந்து கலந்தால் மணல் நிறத்துக்கு வரும். பைண்டர் பசையில் தண்ணீர் கலந்து, மருந்துச் சொட்டுக் குழாயால் விடுங்கள்.

செப்டெம்பர் 13

ஹிங்குராணைக் கரும்புக்குக் கிராப் செய்ய நினைப்பவருக்கு: விரல்கள் வளைந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மூட வேண்டும். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று. கல்லுக்கான கிராப்பின் அகலத் தகட்டு விரலைக் கரும்புக்கு வைக்காதீர்கள், கட்டு நழுவும். கரும்புக்கு உலர்ந்த புல் தண்டு நல்லது.

செப்டெம்பர் 25

முதலில் கேள்வி கேட்ட சம்மாந்துறைத் தம்பி பிரேக்கரை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஆற்றுவாழை அள்ளும் ரேக் செய்யத் தொடங்கியிருக்கிறார். படம் பார்த்தேன், மனம் நிறைந்தது. அவர் கேட்டவற்றுக்குப் பதில் இது.

பல்லுக்குக் குண்டூசி சரி. தலையை வெட்டி, 1.13 கம்பியில் 2.5 மி.மீ.க்கு ஒன்றாகச் சோல்டர் பண்ணுங்கள். ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்தால் முன்னது சூட்டில் கழன்றுவிடும். ஒரு மரத்துண்டில் கோடு கீறி, ஊசிகளை எல்லாம் அதில் படுக்கவைத்து, மேலே கம்பியை வைத்து ஒரே ஓட்டமாக ஓடுங்கள். பல் 10 மி.மீ. நீளம் போதும், நுனி உள்பக்கம் கொஞ்சம் வளையட்டும். வளைக்காவிட்டால் ஆர்மைத் தூக்கும்போது ஆற்றுவாழை வழுக்கி விழும். மேலே இன்னொரு கம்பி குறுக்கே, பல் விரியாமல் பிடிக்க.

ரேக்குக்கு ஹோஸ் வேண்டாம். ஆனால் நிஜத்தில் அந்த வேலையில் ஆர்ம் முழுக்க நனைந்து, வேரும் இலையும் பின்களில் சுற்றிக் கிடக்கும். மச்சான் சொல்வது, மாலையில் அதைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டுத்தான் கிறீஸ் அடிப்பார்களாம். பின்னைச் சுற்றி இரண்டு மூன்று பச்சை நூல் இழைகளைச் சுற்றி விடுங்கள், கொஞ்சம் பழுப்பும் கலந்து. ஆற்றுவாழைக்குக் காய்ந்த முருங்கை இலைத் துகளுக்குப் பச்சைப் பெயின்ட் பூசினால் அளவு பொருந்தும். தண்ணீரில் தனித்தனியாக மிதக்க விடாமல் பாய்போல் நெருக்கிப் போடுங்கள், கிட்டங்கியில் அது அப்படித்தான் கிடக்கிறது.

கப்ளர் காதில் நடு தூரம் 9.6 வைத்தீர்களா என்று அளந்து சொல்லுங்கள். 9.6 என்றால் ரேக்கை ஒரு தரம் எனக்கு அனுப்புங்கள், என் லோங் ரீச்சில் மாட்டிப் பார்க்கிறேன். பதிலுக்கு தகரப் பக்கெட் ஒன்று அனுப்புகிறேன், 36 மி.மீ. அகலம்.